ஃபீடில் ஆளைப் பிடி, சொந்த இடத்தில் தக்கவை: செய்தி, மார்க்கெட்டிங், ஆன்லைன் வியாபாரத்துக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

2013 ஏப்ரல் 23. அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனத்தின் ட்விட்டர் கணக்கை யாரோ கைப்பற்றி, வெள்ளை மாளிகையில் இரண்டு குண்டுகள் வெடித்தன, அதிபர் ஒபாமாவுக்குக் காயம் என்று ஒரே ஒரு வரி போட்டார்கள். அவ்வளவுதான், சில நிமிடங்களுக்குள் டவ் ஜோன்ஸ் பங்குக் குறியீடு 140 புள்ளிகளுக்கு மேல் விழுந்து, செய்தி பொய் என்று தெரிந்ததும் விழுந்த வேகத்திலேயே எழுந்தது. செய்தி வேறு, வியாபாரம் வேறு என்று பேசுகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தச் சம்பவத்தைத்தான். செய்தியும் விளம்பரமும் கடையும் இப்போது ஒரே ஃபீடில், அதாவது ஆப்பைத் திறந்ததும் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்கும் பதிவு வரிசையில், ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. எது மேலே வரும், எது கண்ணில் படாமலே போகும் என்பதை முடிவு செய்வது செய்தி ஆசிரியரும் இல்லை, கடைக்காரரும் இல்லை.

ஆன்லைனில் ஏதாவது விற்கிறவர்கள், விற்கப் போகிறவர்கள், செய்திப் பக்கமோ சேனலோ நடத்துகிறவர்கள், இவர்களுக்காக இதை எழுதுகிறேன். வெறுமனே செய்தி படிக்கிறவராக இருந்தால் முதல் மூன்று படிகள் போதும். நான் சொல்ல வருவது ஒன்றுதான்: ஃபீட் என்பது ஆளைச் சந்திக்கிற இடம், ஆளை வைத்துக்கொள்கிற இடம் இல்லை. கீழே உள்ள எல்லாப் படிகளும் அதிலிருந்து வந்தவை.

படி 1: ஃபீட் எப்படி முடிவெடுக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஃபேஸ்புக் 2004-ல் வந்தபோது ஃபீடே கிடையாது. ஒவ்வொருவரின் பக்கத்துக்கும் போய்த்தான் பார்க்க வேண்டும். 2006 செப்டம்பரில் நியூஸ் ஃபீட் வந்தது, 2009-ல் லைக் பட்டன் வந்தது. யாருக்கு எது பிடிக்கிறது என்ற கணக்கு அப்போதிருந்துதான் கூடிக்கொண்டே போனது. இன்ஸ்டாகிராம் 2016 வரை நேர வரிசைப்படி காட்டிக்கொண்டிருந்தது, பிறகு அதுவும் கணக்குப் போட்டு வரிசைப்படுத்த ஆரம்பித்தது. டிக்டாக் வந்து இன்னொரு படி மேலே போனது. நீங்கள் யாரைப் பின்தொடர்கிறீர்கள் என்பதே அங்கே பெரிய விஷயம் இல்லை, எந்த வீடியோவை எவ்வளவு நேரம் பார்த்தீர்கள் என்பதுதான் விஷயம். ஃபாலோயர் எண்ணிக்கையோ, முன்பு போட்ட வீடியோ ஓடியதோ பரிந்துரையில் நேரடியாகக் கணக்கில் வராது, ஒரு வீடியோவைக் கடைசிவரை பார்ப்பது வலுவான அறிகுறி என்று 2020-ல் டிக்டாக்கே விளக்கம் கொடுத்தது. அப்புறம் மற்ற தளங்களும் அதே பாதையில்தான் போயின. இன்ஸ்டாகிராம் ரீல்ஸும் அதே 2020-ல் வந்ததுதான்.

பத்தாயிரம் ஃபாலோயர் இருக்கிறார்கள் என்பதற்காக உங்கள் பதிவைப் பத்தாயிரம் பேர் பார்ப்பார்கள் என்று நினைக்காதீர்கள். பொதுவாக முதலில் ஒரு சிறு கூட்டத்துக்குக் காட்டப்படுகிறது, அவர்கள் நின்று பார்த்தால் அடுத்த வட்டத்துக்குப் போகிறது, கடந்து போனால் அங்கேயே முடிந்துவிடுகிறது. நின்று பார்ப்பது, திரும்பப் பார்ப்பது, நண்பருக்கு டிஎம்மில் (தனிச் செய்தியில்) அனுப்புவது, சேமித்து வைப்பது, இவையெல்லாம் உங்களுக்குச் சாதகம். லைக்கும் கணக்கில் வரும்தான், ஆனால் ஒருவர் மெனக்கெட்டு இன்னொருவருக்கு அனுப்பினால் அதன் எடை வேறு.

இன்னொன்று, எந்தத் தளத்துக்கும் தன் ஆட்களை வெளியே அனுப்பப் பிடிக்காது. எக்ஸ் தளம் (முன்பு ட்விட்டர்) 2023 அக்டோபரில் செய்தி லிங்குகளின் தலைப்பையே எடுத்துவிட்டு வெறும் படத்தை மட்டும் காட்டியதை அந்தக் கோணத்தில்தான் பார்க்க வேண்டும். லிங்க் போட்டால் ரீச் (பதிவு சென்றடையும் ஆட்களின் எண்ணிக்கை) குறைகிறது என்று பலரும் புலம்புவது வெறும் பிரமை இல்லை. ஆகவே லிங்கை எங்கே, எப்போது தருவது என்பதை யோசித்துத்தான் செய்ய வேண்டும். படி 7-ல் வருகிறது.

படி 2: செய்தி நிறுவனங்களுக்கு நடந்ததைப் பாருங்கள், அடுத்தது நமக்குத்தான்

சின்ன வியாபாரிகள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடுவார்கள் என்று தெரியும். தாண்டாதீர்கள். தளங்களை நம்பி முதலில் இறங்கியவர்கள் செய்தி நிறுவனங்கள்தான், முதலில் அடி வாங்கியவர்களும் அவர்கள்தான்.

2010-களின் நடுவில் ஃபேஸ்புக்கிலிருந்து வாசகர்கள் கொட்டினார்கள். வீடியோதான் எதிர்காலம் என்று ஃபேஸ்புக் சொல்ல, பல செய்தி அறைகள் எழுதுகிறவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு வீடியோ எடுக்கப் போயின. 2016 செப்டம்பரில் ஃபேஸ்புக் ஒரு விஷயத்தை ஒப்புக்கொண்டது: சராசரியாக எவ்வளவு நேரம் வீடியோ பார்க்கிறார்கள் என்ற கணக்கில், 3 விநாடிக்கு மேல் பார்த்தவர்களை மட்டுமே சேர்த்திருந்தார்கள். அப்படிக் கணக்குப் போட்டால் சராசரி எகிறத்தானே செய்யும்? விளம்பரதாரர்கள் போட்ட வழக்கு 2019-ல் 4 கோடி டாலர் சமரசத்தில் முடிந்தது. வேலை போனவர்களுக்கு அதில் ஒன்றும் வரவில்லை.

2018 ஜனவரியில் ஃபேஸ்புக் இன்னொரு அறிவிப்பு விட்டது. இனி நண்பர்கள், குடும்பத்தினர் போடும் பதிவுகளுக்கே முன்னுரிமை, பக்கங்களின் பதிவுகள் பின்னால் போகும் என்று. ஃபேஸ்புக் வாசகர்களை மட்டுமே நம்பியிருந்த தளங்கள் ஆட்டம் கண்டன. 2021 பிப்ரவரியில் ஆஸ்திரேலியாவில், செய்திக்குப் பணம் தர வேண்டும் என்ற சட்டத்தை எதிர்த்து, ஃபேஸ்புக் சுமார் ஒரு வாரம் செய்திகளையே மறைத்தது. அந்த வலையில் அரசு சுகாதாரத் துறைப் பக்கங்களும் சிக்கிக் காணாமல் போயின. 2023 ஆகஸ்டில் கனடாவிலும் அதே கதை: காட்டுத்தீயால் ஊரே காலியாகிக்கொண்டிருந்த நாட்களில் மக்கள் செய்தி லிங்கைப் பகிர முடியாமல் ஸ்க்ரீன்ஷாட் எடுத்துப் போட்டார்கள்.

இதில் ஃபேஸ்புக் மேல் கோபப்பட்டுப் பயனில்லை என்பது என் கட்சி. அவர்கள் தங்கள் வியாபாரத்தைப் பார்த்தார்கள். தன் வாசகர் யார் என்றே தெரியாமல், அவரைத் தொடர்புகொள்ள வேறு வழியும் வைத்துக்கொள்ளாமல் இருந்ததுதான் கோளாறு. ஒரு செய்தி நிறுவனத்துக்கே இந்த நிலை என்றால், ரீல்ஸ் போட்டு ஆர்டர் எடுக்கிறவருக்கு என்ன பாதுகாப்பு இருக்கிறது?

படி 3: பகிரும் முன் சரிபார்க்கப் பழகுங்கள்

2018-ல் எம்ஐடி ஆய்வாளர்கள் சயன்ஸ் இதழில் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 2006 முதல் 2017 வரை ட்விட்டரில் பரவிய சுமார் 1,26,000 செய்திகளை எடுத்துப் பார்த்ததில், பொய்யானவை ரீட்வீட் ஆவதற்கான வாய்ப்பு உண்மையானவற்றைவிட 70 சதவீதம் அதிகமாக இருந்தது. 1,500 பேரைச் சென்றடைய உண்மைக்கு ஆறு மடங்கு நேரம் பிடித்தது. இதற்குக் காரணம் தானியங்கிக் கணக்குகள் என்று சொல்லித் தப்பிக்க முடியாது, அவற்றை நீக்கிப் பார்த்தபோதும் முடிவு மாறவில்லை. புதிதாக, அதிர்ச்சியாக இருப்பதை மனிதர்கள் தாமே கை நீட்டிப் பகிர்கிறார்கள்.

சரி, கையோடு ஒன்றைச் செய்து பார்ப்போம். ஒரு படம் வருகிறது: விமான நிலையத்தில் வெள்ளம், விமானங்கள் பாதி மூழ்கி நிற்கின்றன, "இன்று காலை, எல்லோருக்கும் அனுப்புங்கள்" என்று கீழே எழுதியிருக்கிறது. முதலில் பார்க்க வேண்டியது படத்தை இல்லை, அது வந்த விதத்தை. வாட்ஸ்அப்பில் இரட்டை அம்புக்குறி இருந்தால் அது குறைந்தது ஐந்து கை மாறி உங்களிடம் வந்திருக்கிறது என்று அர்த்தம், அது எங்கிருந்து கிளம்பியது என்று அனுப்பிய உங்கள் நண்பருக்கே தெரியாது. இப்படிப்பட்ட செய்திகளை ஒரு நேரத்தில் ஒரே ஒரு சாட்டுக்குத்தான் அனுப்ப முடியும் என்று 2020 ஏப்ரலில் வாட்ஸ்அப் கட்டுப்பாடு கொண்டுவந்தது. அதற்குப் பிறகு அடிக்கடி ஃபார்வர்டு ஆகும் செய்திகள் 70 சதவீதம் குறைந்ததாக அந்த நிறுவனமே சொன்னது. சின்ன முட்டுக்கட்டைதான், ஆனால் வேலை செய்கிறது.

அடுத்து, படத்தைச் சேமித்து கூகுள் லென்ஸிலோ டின்ஐயிலோ போட்டுத் தேடுங்கள். டின்ஐயில் "மிகப் பழையது முதலில்" என்று வரிசைப்படுத்தும் வசதி இருக்கிறது, அதைத் தட்டுங்கள். அந்தப் படம் நாலு வருஷம் முன்பே வேறொரு ஊரின் பெயரில் வந்திருந்தால் கதை அங்கேயே முடிந்தது. பொய்ப் படங்கள் என்று சுற்றுபவற்றில் நிறைய உண்மைப் படங்களே, தேதியும் இடமும்தான் பொய். தேடலில் எதுவும் கிடைக்கவில்லையா, படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்: விமானத்தின் வாலில் என்ன சின்னம், பலகைகளில் என்ன எழுத்து, வண்டிகள் எந்தப் பக்கம் போகின்றன, ஆட்கள் குளிருக்கு உடுத்தியிருக்கிறார்களா வெயிலுக்கா. வீடியோவாக இருந்தால் நாலைந்து இடத்தில் நிறுத்தி ஸ்க்ரீன்ஷாட் எடுத்து ஒவ்வொன்றையும் தேடுங்கள், இல்லையென்றால் இன்விட் என்ற இலவசக் கருவி வீடியோவைப் படங்களாகப் பிரித்துக் கொடுக்கும். கடைசியாக, அந்த விமான நிலையத்தின் சொந்தக் கணக்கில் ஏதாவது சொல்லியிருக்கிறார்களா என்று பாருங்கள். ஒரு விமான நிலையமே மூழ்கியிருந்தால் அதைப் பற்றி ஒரே ஒரு ஃபார்வர்டு மட்டும் இருக்காது.

செயற்கை நுண்ணறிவுப் படங்கள் இதைக் கடினமாக்கிவிட்டன. 2023 மே 22 அன்று பென்டகன் அருகே வெடிவிபத்து என்று ஒரு படம் பரவியது. கட்டடமும் வேலியும் ஒன்றோடொன்று ஒட்டி உருகியது போலிருந்ததைக் கவனித்தவர்கள் உடனே சந்தேகப்பட்டார்கள், ஆனால் ப்ளூ டிக் வைத்த கணக்குகளே அதைப் பகிர்ந்தன, பங்குச்சந்தை கொஞ்ச நேரம் ஆடியும்விட்டது. உள்ளூர் தீயணைப்புத் துறை மறுத்த பிறகுதான் அடங்கியது. கை விரலை எண்ணுவது, காதைப் பார்ப்பது போன்ற யோசனைகளை நம்பி இருக்காதீர்கள், அந்தக் குறைகள் வேகமாகச் சரியாகி வருகின்றன. படத்தைவிடப் படம் வந்த வழியைச் சோதிப்பதுதான் நீடித்து நிற்கும் பழக்கம்.

ப்ளூ டிக் பற்றி ஒரு வார்த்தை. 2022 நவம்பரில் ட்விட்டர் அதைக் காசுக்கு விற்கத் தொடங்கிய சில நாட்களில், எலி லில்லி மருந்து நிறுவனத்தின் பெயரில் ஒரு போலிக் கணக்கு டிக் வாங்கிக்கொண்டு "இன்சுலின் இனி இலவசம்" என்று போட்டது. உண்மையான நிறுவனம் வந்து மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. உங்கள் கடை பெயரிலும் இது நடக்கலாம். மாதம் ஒருமுறையாவது உங்கள் பெயரை நீங்களே தேடிப் பாருங்கள்.

படி 4: எந்தத் தளம்?

இதற்கு நிறைய நேரம் செலவிடத் தேவையில்லை. உங்கள் ஆட்கள் ஏற்கெனவே எங்கே பேசிக்கொண்டிருக்கிறார்களோ அங்கே போங்கள். கண்ணால் பார்த்து வாங்கும் பொருள் என்றால் இன்ஸ்டாகிராம், எப்படிச் செய்வது என்று தேடி வருகிறவர்கள் என்றால் யூடியூப், நிறுவனங்களுக்கு விற்கிறீர்கள் என்றால் லிங்க்ட்இன், செய்தி சூடாக ஓடும் இடம் எக்ஸ். ஒரு தளத்தை முதன்மையாக எடுத்து ஒழுங்காக நடத்துங்கள், இன்னொன்றில் அதையே திருத்திப் போடுங்கள். ஐந்திலும் கால் வைத்து எதிலும் பதில் சொல்லாமல் விடுவது இல்லாததைவிட மோசம், ஏனென்றால் கேள்வி கேட்டு பதில் கிடைக்காதவர் உங்களை நினைவில் வைத்திருப்பார்.

எந்தத் தளமாக இருந்தாலும் எல்லா இடத்திலும் ஒரே பெயரை இப்போதே பதிவு செய்துவிடுங்கள், பயன்படுத்தாவிட்டாலும் சரி.

படி 5: பதிவை எழுதுங்கள்

கையால் தைத்த தோள்பை விற்கிற ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். பெரும்பாலானவர்கள் போடுவது இப்படி: "புதிய கலெக்‌ஷன் வந்தாச்சு! தரமான துணி, அழகான டிசைன், விலைக்கு டிஎம் செய்யவும்." கூடவே ஒரு பளபளப்பான படம், இருபது ஹேஷ்டேக்.

இதில் ஒருவர் நின்று பார்க்க என்ன இருக்கிறது? தரம், அழகு என்பதை எல்லோரும் சொல்கிறார்கள். அதே பையை வேறு மாதிரி காட்டலாம். பையின் பிடி தைக்கும் இடத்தை மட்டும் நெருக்கமாக எடுங்கள். "தோள்பை முதலில் கிழிவது இங்கேதான், பிடி உடலோடு சேரும் மூலையில். அதனால் இங்கே மட்டும் உள்ளே இன்னொரு துணி வைத்து, சதுரமாக ஒரு தையல், குறுக்கே ஒரு பெருக்கல் குறி போட்டுத் தைக்கிறோம். லேப்டாப்பும் தண்ணீர் பாட்டிலும் வைத்துத் தொங்கவிட்டுக் காட்டுகிறேன், பாருங்கள்." அப்புறம் நிஜமாகவே தொங்கவிட்டுக் காட்டுங்கள். விலையைக் கீழே எழுதிவிடுங்கள். பை வாங்காதவர்கூட இதைக் கடைசிவரை பார்ப்பார், "என் பையும் இப்படித்தான் கிழிந்தது" என்று யாருக்காவது அனுப்புவார்.

விலையை மறைத்து டிஎம் வரச் சொல்வது எனக்குப் பிடிக்காத பழக்கம். டிஎம் எண்ணிக்கை கூடும், உண்மைதான், அதில் பாதி விலை கேட்டுவிட்டுப் போகிறவர்கள், அத்தனை பேருக்கும் நீங்கள் உட்கார்ந்து பதில் தட்ட வேண்டும். விலை தெரிந்தே வருகிறவர் வாங்குவதற்காக வருகிறார்.

எதைப் பற்றிப் போடுவது என்று தெரியவில்லையா, வாடிக்கையாளர்கள் கேட்கும் கேள்விகளை ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். துவைத்தால் சாயம் போகுமா, பெரியவருக்கு நீளம் போதுமா, இவை ஒவ்வொன்றும் ஒரு பதிவு. வீடியோவின் முதல் இரண்டு மூன்று விநாடியில் விஷயத்துக்கு வந்துவிடுங்கள், வணக்கமும் லோகோவும் வேண்டாம். சத்தமில்லாமல் பார்ப்பவர்களுக்காகத் திரையில் எழுத்தும் இருக்கட்டும்.

படி 6: விளம்பரத்துக்குப் பணம் கட்டும் முன் கணக்குப் போடுங்கள்

காசு கட்டினால் பதிவை இன்னும் பலருக்குக் காட்டும் "பூஸ்ட்" பட்டன் கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பதே அதன் ஆபத்து. தட்டினால் லைக் கூடும், ஆர்டர் கூடுமா என்பது வேறு கேள்வி. விளம்பர மேலாளர் பக்கத்துக்குப் போய் நோக்கத்தை "விற்பனை" என்று தேர்ந்தெடுத்து ஓட்டுவது கொஞ்சம் சிக்கலாகத் தெரியும், ஆனால் தளம் நீங்கள் கேட்டதைத்தான் தேடித் தரும். லைக் கேட்டால் லைக் போடுகிறவர்களைத் தரும், வாங்குகிறவர் வேண்டும் என்றால் அதைச் சொல்லிக் கேட்க வேண்டும்.

கணக்கு இப்படி. ஒரு பை விற்றால் துணி, தையல், பேக்கிங், கூரியர் எல்லாம் போக உங்கள் கையில் 100 நிற்கிறது. விளம்பரத்துக்கு 1,000 செலவு செய்கிறீர்கள். 200 பேர் லிங்கைத் தட்டினார்கள், அதாவது ஒரு தட்டலுக்கு 5. அந்த 200 பேரில் 6 பேர் வாங்கினார்கள். ஓர் ஆர்டருக்கு விளம்பரச் செலவு சுமார் 167, லாபம் 100. ஒவ்வொரு பைக்கும் 67 நஷ்டம். ஆர்டர் வருகிறதே என்ற சந்தோஷத்தில் இதைப் பார்க்காமல் ஓட்டிக்கொண்டே இருக்கிறவர்கள் நிறைய.

இதை எப்படிச் சரிசெய்வது? 200 பேரில் 10 பேராவது வாங்கும்படி, லிங்கைத் தட்டினால் வந்து சேரும் லேண்டிங் பக்கத்தைத் திருத்தலாம்: படம் தெளிவா, அளவு எழுதியிருக்கிறதா, டெலிவரி எத்தனை நாள், பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்பலாமா. இல்லையென்றால் அந்த 6 பேரில் 4 பேர் விளம்பரச் செலவே இல்லாமல் இன்னொரு முறை வாங்க வேண்டும், அப்போது மொத்தம் 10 பை, 1,000 லாபம், போட்டது கைக்கு வந்துவிடும். அதற்குப் பிறகு அவர்கள் வாங்குவதெல்லாம் லாபம். அவர்களைத் திரும்பக் கூப்பிட உங்களிடம் அவர்களின் எண்ணோ மின்னஞ்சலோ இருக்கிறதா என்பதுதான் கேள்வி. இல்லையென்றால் அதே ஆளுக்கு அதே விளம்பரத்தைக் காட்ட மறுபடியும் பணம் கட்ட வேண்டும்.

முன்பு இந்தக் கணக்கு இதைவிட எளிதாக இருந்தது. ஒருவர் விளம்பரத்தைப் பார்த்து, அப்புறம் உங்கள் தளத்துக்கு வந்து வாங்கியது வரை ஃபேஸ்புக் துல்லியமாகப் பின்தொடர்ந்து சொல்லும். 2021 ஏப்ரலில் ஆப்பிள் தன் ஐஓஎஸ் 14.5-ல் "இந்த ஆப் உங்களைப் பின்தொடர அனுமதிக்கலாமா" என்று கேட்க ஆரம்பித்ததும் பலர் வேண்டாம் என்று தட்டினார்கள். இதனால் 2022-ல் மட்டும் சுமார் 1,000 கோடி டாலர் வருமானம் குறையும் என்று ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா சொன்னது. நமக்கு இதன் விளைவு, விளம்பரப் பக்கம் காட்டும் எண்ணை அப்படியே நம்ப முடியாது. லிங்கின் கடைசியில் யூடிஎம் குறியீடு (அந்த லிங்க் எங்கே போட்டது என்று காட்டும் அடையாளச் சொற்கள்) சேர்த்து, எந்தப் பதிவிலிருந்து யார் வந்தார் என்று உங்கள் தளத்திலேயே பாருங்கள். அதுவும் இல்லையென்றால் ஆர்டர் எடுக்கும்போது "எங்களை எங்கே பார்த்தீர்கள்" என்று ஒரு கேள்வி கேளுங்கள். பழைய வழிதான், இன்றும் பொய் சொல்லாது.

போட்டியாளர் என்ன விளம்பரம் ஓட்டுகிறார் என்று தெரிய வேண்டுமா, மெட்டாவின் விளம்பர நூலகம் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. பெயரைத் தட்டினால் இப்போது ஓடுபவை வரும். பல மாதமாக மாறாமல் ஓடும் விளம்பரம் பெரும்பாலும் லாபம் தருகிற விளம்பரமாக இருக்கும்.

இன்ஃப்ளூயன்சரிடம் போவதாக இருந்தால் ஃபாலோயர் எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள், கமெண்டைப் படியுங்கள். வெறும் நெருப்புப் படமும் இதயமும் இருக்கிறதா, அல்லது "இது எங்கே கிடைக்கும்" என்று கேட்கிறார்களா? அவருக்கென்று தனியாக ஒரு தள்ளுபடிக் குறியீடு கொடுத்தால் எத்தனை ஆர்டர் வந்தது என்று சண்டையில்லாமல் தெரியும். காசு வாங்கிச் செய்வது விளம்பரம் என்று பதிவிலேயே சொல்லச் சொல்லுங்கள், பல நாடுகளில் அது கட்டாயம். பொய் ரிவ்யூ வாங்கவே வாங்காதீர்கள். அமெரிக்காவில் 2024 அக்டோபரிலிருந்து அதற்கென்றே தனி விதி வந்து அபராதம் வரை போகிறது, மற்ற இடங்களிலும் அந்தத் திசையில்தான் போகிறார்கள்.

படி 7: டிஎம்மிலிருந்து ஆர்டர், ஆர்டரிலிருந்து உங்கள் பட்டியல்

வாட்ஸ்அப் பிசினஸ் ஆப் 2018 ஜனவரியில் வந்தது. கேட்டலாக், தயார்நிலைப் பதில்கள், லேபிள், இந்த மூன்றையும் சரியாக அமைத்தாலே பாதி வேலை குறையும். புதிய ஆர்டர், பணம் வந்தது, அனுப்பியாகிவிட்டது என்று லேபிள் போட்டால் யாருக்கு என்ன பாக்கி என்று தேட வேண்டாம்.

பணம் அனுப்பிவிட்டேன் என்று வரும் ஸ்க்ரீன்ஷாட்டைப் பார்த்துப் பொருளை அனுப்பாதீர்கள். போலி ஸ்க்ரீன்ஷாட் செய்ய ஆப்பே இருக்கிறது. உங்கள் வங்கிக் கணக்கில் வந்ததா என்று பாருங்கள், வந்த பிறகு அனுப்புங்கள். "தவறுதலாக அதிகம் அனுப்பிவிட்டேன், மீதியைத் திருப்பி அனுப்புங்கள்" என்று அவசரப்படுத்துகிறவரிடம் இன்னும் நிதானமாக இருங்கள்.

இப்போது முக்கியமான வேலை. சமூக ஊடகத்தில் நாம் இருப்பது வாடகை வீட்டில். வீட்டுக்காரர் எப்போது வேண்டுமானாலும் விதியை மாற்றலாம், வீட்டையே இடிக்கலாம். ஆர்குட் 2014-ல் மூடியது. வைன் என்ற குறுவீடியோ தளம் 2017-ல் போனது, அதில் பெயர் எடுத்தவர்கள் ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள். 2020 ஜூனில் இந்தியாவில் டிக்டாக் ஒரே இரவில் தடையானது. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் சுமார் ஆறு மணி நேரம் செத்துக் கிடந்தன, யாரும் தாக்கியதால் இல்லை, அவர்களே செய்த ஒரு கட்டமைப்பு மாற்றம் சொதப்பியதால். மூன்றிலும் மட்டும் கடை வைத்திருந்தவருக்கு அன்று கடையே இல்லை.

அதனால் ஒவ்வொரு ஆர்டரிலும் மின்னஞ்சலோ தொலைபேசி எண்ணோ, முடிந்தால் இரண்டும், வாங்கிக்கொள்ளுங்கள். புதிய பொருள் வந்தால் சொல்லலாமா என்று கேட்டு, சம்மதம் சொன்னவர்களை மட்டும் பட்டியலில் சேருங்கள். சும்மா மின்னஞ்சல் கொடுங்கள் என்றால் யாரும் தர மாட்டார்கள், பதிலுக்கு ஏதாவது இருக்க வேண்டும்: பையை எப்படித் துவைத்துப் பராமரிப்பது என்ற ஒரு பக்கக் குறிப்பு, அடுத்த தொகுதியை ஒரு நாள் முன்பே பார்க்கும் வாய்ப்பு. உங்கள் பெயரில் ஒரு டொமைன் (சொந்த இணைய முகவரி) வாங்கி, அதில் பொருட்கள், விலை, தொடர்புக்கு ஒரு வழி, இவ்வளவு மட்டும் இருந்தாலும் போதும். பயோவில் (உங்கள் கணக்கின் அறிமுகப் பகுதியில்) இருக்கும் லிங்க் அங்கேதான் போக வேண்டும், இன்னொரு சமூக ஊடகத்துக்கு இல்லை. பதிவில் முழு விஷயத்தையும் கொடுத்துவிட்டு லிங்கை முதல் கமெண்டிலோ பயோவிலோ வைப்பது ரீச்சைப் பாதிக்காமல் ஆளைக் கூட்டிவர ஒரு வழி.

செய்திப் பக்கம் நடத்துகிறவர்களுக்கும் இதேதான். தினமோ வாரமோ ஒரு மின்னஞ்சல் மடல், அதற்கு ஒரு பட்டியல். ஃபீடில் ஒரு லட்சம் பேர் பார்த்ததைவிட, மடலைத் திறக்கிற இரண்டாயிரம் பேர் உங்களுக்குச் சோறு போடுவார்கள்.

படி 8: கணக்கைப் பூட்டுங்கள், அடி விழும்போது நிதானமாக இருங்கள்

இரண்டு அடுக்குப் பாதுகாப்பை இன்றே போடுங்கள், எஸ்எம்எஸ் வழியாக வேண்டாம், உள்நுழையக் குறியீடு தரும் ஆத்தென்டிகேட்டர் ஆப் வழியாக. பேக்கப் குறியீடுகளை அச்செடுத்து வையுங்கள். பக்கத்துக்கு இரண்டாவது நிர்வாகி ஒருவர் இருக்கட்டும், நம்பகமானவராக. "உங்கள் பக்கம் காப்புரிமையை மீறியது, 24 மணி நேரத்தில் நீக்கப்படும், இங்கே தட்டி முறையிடுங்கள்" என்று வரும் செய்திகள் பெரும்பாலும் பாஸ்வேர்டு திருடத்தான். லிங்கைத் தட்டாமல், ஆப்பைத் திறந்து அமைப்புகளில் கணக்கு நிலையைப் பாருங்கள். உண்மையான எச்சரிக்கை என்றால் அங்கே இருக்கும்.

புகார் கமெண்ட் வந்தால் நீக்காதீர்கள். நீக்கினால் ஸ்க்ரீன்ஷாட்டாகத் திரும்ப வரும், அப்போது புகாரோடு நீக்கிய கதையும் சேர்ந்து ஓடும். "பிடி கிழிந்துவிட்டது, ஏமாற்றுக்காரர்கள்" என்று ஒருவர் எழுதினால், கமெண்டிலேயே சுருக்கமாக: "மன்னிக்கவும், இப்படி ஆகியிருக்கக் கூடாது. ஆர்டர் எண்ணை டிஎம்மில் அனுப்புங்கள், மாற்றுப் பை அனுப்புகிறோம்." பாக்கி எல்லாம் டிஎம்மில். மாற்றுப் பை போய்ச் சேர்ந்ததும் அதே கமெண்டின் கீழ் வந்து "அனுப்பியாகிவிட்டது" என்று ஒரு வரி போட்டுவிடுங்கள், அந்தச் சண்டையைப் படித்த மற்றவர்கள் அதையும் படிப்பார்கள்.

உங்கள் பொருளைப் பற்றிப் பொய்ச் செய்தி பரவினால், அந்தப் பொய்யைப் பகிர்ந்து மறுப்பு எழுதாதீர்கள், அது பொய்க்குத்தான் ரீச் கூட்டும். உண்மை என்ன என்று உங்கள் தளத்தில் ஒரு பக்கம் எழுதி, ஆதாரத்தையும் அங்கேயே போட்டு, கேட்கிறவர்களுக்கு அந்த லிங்கைக் கொடுங்கள். பட்டியலில் இருப்பவர்களுக்கு நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுங்கள்.

வாரம் ஒருமுறை உட்கார்ந்து பார்க்க வேண்டிய எண்கள் மூன்றே மூன்று: பட்டியலில் புதிதாகச் சேர்ந்தவர்கள் எத்தனை, ஓர் ஆர்டருக்கு விளம்பரச் செலவு எவ்வளவு, இரண்டாம் முறை வாங்கியவர்கள் எத்தனை. ஃபாலோயர் எண்ணிக்கையை இதில் சேர்க்கவில்லை, அது உங்கள் கண்ணில் தானாகவே படும். மாதத்தில் ஒருநாள் அந்தப் பட்டியலை ஒரு கோப்பாகப் பதிவிறக்கி, எந்தத் தளத்தோடும் சம்பந்தமில்லாத இடத்தில் ஒரு பிரதி வையுங்கள்.